அறுந்து அறுந்து போன டிக்கி கேபிள்

இந்த சீட்டுக்கு யாரும் வரவில்லையே அம்மா? அப்படியானால் உட்கார்ந்துகொள்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து நின்றுகொண்டேதான் வருகிறேன். நின்றால் ஒன்றும் குறைந்துபோக மாட்டேன், ஸ்தோத்திரம், காலில் இன்னும் பெலன் இருக்கிறது. ஆனால் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆள், என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரியே வந்தார் பார். அவருக்காக ஜெபித்துக்கொண்டே வந்தேன். வசவப்பபுரம் வந்ததும் தானாக முழித்து இறங்கிப் போய்விட்டார்.

உன்னை நீ என்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. எனக்கு ஒரு மகள் இருந்தால் உன் வயசுதான் இருக்கும். தூத்துக்குடியில் வேலையா? நல்லது. நானும் தூத்துக்குடிக்குத்தான்.

எங்கள் வீட்டில் கார் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் இருக்கிறவள் எதற்குப் பஸ்ஸில் தொங்குகிறாள் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் நானே சொல்லிவிட்டால் நல்லது. எங்கள் சார், அதாவது என் வீட்டுக்காரர், ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், காரை வீட்டிலிருந்து கோயிலுக்கு ஓட்டுவார், கோயிலிலிருந்து வீட்டுக்கு ஓட்டுவார். அவ்வளவுதான். இரண்டு தெரு. லாரி ஓடுகிற ரோட்டில் ஏற மாட்டார். இரண்டு தெருவுக்கு எதற்குக் கார் என்று கேட்பாய். கோயிலுக்கு நடந்து வருகிறவர்களும் உண்டு, காரில் வருகிறவர்களும் உண்டு. இரண்டு பேருடைய ஜெபத்தையும் கர்த்தர் ஒரே மாதிரிதான் கேட்கிறார். ஆனால் காரில் வருகிறவர்களுக்குக் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற சபை மன்றத்தில் நாற்காலி கிடைக்கிறது.

பழைய கார். என் மகன் கிளாட்சன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் வாங்கியது. அதில் எல்லாம் நன்றாக இருக்கிறது, பின்னால் டிக்கியைத் தவிர. வெளியே இருந்து டிக்கியைத் திறக்கிற சாவித்துவாரம், பெயிண்ட் அடித்தபோது அடைத்துக்கொண்டுவிட்டது. அதனால் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கீழே இருக்கிற லிவரைத் தூக்க வேண்டும். தூக்கினால், அதிலிருந்து ஒரு கம்பி, கேபிள் என்கிறார்கள், கதவுப்படி ஓரமாகவே பின்னால் ஓடிப் போய் டிக்கிப் பூட்டை இழுக்கும். டக்கென்று திறக்கும். ஒரு விரல் தடிமன் கூட இல்லை, சுண்டுவிரலை விட மெலிசான கம்பி. அந்தக் கம்பியை வைத்துக் கர்த்தர் எங்கள் வீட்டில் என்னென்ன செய்தார் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

முதலில் கிளாட்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்குத் தூத்துக்குடியில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு கம்பெனியில் வேலை. அங்கேயே கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டான். பெர்னதெத் என்று பெயர். நாங்கள் புராட்டஸ்டண்ட், அவள் கத்தோலிக்கம், ஆர்.சி. நான் ஆர்.சி.யைக் குறை சொல்கிறவள் இல்லை. அவர்களும் நம்மைப்போல மனுஷர்தானே. அவர்களுக்கும் ஆண்டவர் ஒருவர்தான். நடுவில் சிபாரிசுக்குக் கொஞ்சம் ஆட்களை வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

கல்யாணம் எங்கள் கோயிலில்தான் என்று நான் சொன்னேன். எங்கள் கோயிலில்தான் என்று அவர்கள் சொன்னார்கள். யாராவது விட்டுக்கொடுக்க வேண்டுமே. நான் விட்டுக்கொடுத்தேன். "சரி, கல்யாணத்தை எங்க கோயில்லயே வச்சுக்கிடுவோம், சாப்பாட்டை வேணும்னா உங்க பக்கம் வச்சுக்கிடுங்க" என்றேன். இதைவிட ஒருத்தி எப்படி இறங்கி வருவாள்? அவர்கள் இறங்கி வரவில்லை. தூத்துக்குடியிலேயே, அவர்கள் கோயிலிலேயே நடந்தது. கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி சூடே இல்லை என்றாள். உள்காய்ச்சல் தொட்டால் தெரியுமா? சார் மட்டும் போனார். போனவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்திருக்கலாம். நெய்மீன் குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதிலிருந்து கிளாட்சன் எங்கள் வாசப்படி ஏறவில்லை. சண்டையெல்லாம் போடவில்லை. "அம்மா கூப்பிட்டா ரெண்டு பேருமா வாரோம்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். நான் வரக்கூடாது என்றா சொன்னேன்? கூப்பிடவில்லை, அவ்வளவுதானே. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் வரும். அப்பாவிடம் பேசுவான். "அம்மா எப்படி இருக்கா?" என்று கேட்பான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "நல்லா இருக்கான்னு சொல்லுங்க" என்பேன். போனை வாங்க மாட்டேன். வாங்கினால் அழுதுவிடுவேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. என் பிள்ளை என் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டும், என் ஜெபத்தில் வேறே ஒன்றுமே இல்லை. உலக சமாதானத்துக்குக் கூட ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

இப்படி இருக்கும்போதுதான் அறுப்பின் பண்டிகை வந்தது. உங்களுக்கெல்லாம் தெரியுமோ என்னவோ, அன்றைக்கு அவரவர் வீட்டில் விளைந்தது, வளர்த்தது எல்லாவற்றையும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்போம். வாழைத்தார், பூசணிக்காய், முட்டை, கோழி, எல்லாம். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவார்கள். ஒரு தேங்காயை ஆயிரத்துக்கு ஏலம் எடுத்துவிட்டு, மறுநாள் மார்க்கெட்டில் தேங்காய்க்காரியிடம் ஒரு ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறவர்களும் எங்களில் உண்டு. நான் வளர்த்த ஒரு சேவல். நல்ல செந்நிறம். காலைக் கட்டி, சீட்டை அசிங்கப்படுத்தாமல் இருக்க டிக்கிக்குள் சாக்கு விரித்துப் போட்டேன்.

கோயில் வாசலில் சார் லிவரைத் தூக்கினார். லிவர் தளர்வாகக் கையோடு வந்தது. டிக்கி அசையவில்லை. கேபிள் அறுந்துவிட்டது.

நம் ஆட்களைப் பற்றி உனக்குத் தெரியாதா. கூட்டம் கூடிவிட்டது. சபை மன்றச் செயலாளர், ரிட்டயர்ட் தாசில்தார், டிக்கிமேல் ஓங்கி ஒரு அடி அடித்தார். "அந்தக் காலத்து வண்டிக்கு அடிதான் பாஷை" என்றார். இன்னொருவர் போனில் வீடியோ போட்டுப் பார்த்தார். அதில் ஒரு வெள்ளைக்காரன் வேறே ஏதோ காரை உருட்டிக்கொண்டிருந்தான். எங்கள் ஐயர், சேகரத்துப் போதகர், நல்ல மனுஷர், டிக்கிமேல் கை வைத்து ஜெபித்தார். ஆமென் என்றோம். உள்ளே இருந்து சேவல் கூவியது. டிக்கி திறக்கவில்லைதான். ஆனால் சேவல் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்ததே. அதுவும் ஒரு பதில்தானே.

ஆராதனைக்கு மணி அடித்துவிட்டது. எல்லோரும் உள்ளே போய்விட்டோம். ஐயர் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் சேவலும் ஆரம்பித்தது. கோழி கூவுகிறதென்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு மாதிரி, வேதத்தில் சீஷன் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்னதும் கோழி கூவுமே. மனசில் கள்ளம் இருக்கிறவன் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டான். நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குக் காணிக்கைப் பை ரொம்ப கனமாக இருந்ததாகக் கேள்வி.

ஏலத்தில் என் சேவலின் முறை வந்தது. செயலாளர் காரைக் காட்டி, "சேவல் உள்ளே இருக்கு, நல்ல சேவல், குரலைக் கேட்டிருப்பீங்க" என்றார். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "காரோடயா, கார் இல்லாமயா?" என்றது. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இவ்வளவு பேர் சிரிக்கும்போதுதான் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. கிளாட்சன்.

சார் எனக்குத் தெரியாமல் போன் பண்ணியிருக்கிறார். "சேவல் செத்துரும் போலிருக்குடே" என்று சொன்னாராம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் கூட இவ்வளவு சீக்கிரம் வந்திருப்பானோ என்னவோ, தெரியாது.

என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பின் சீட்டைத் தூக்கிக் கழற்றினான், முதுகுச் சாய்மானத்தைக் கழற்றினான், ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரி டிக்கிக்குள் போனான். உள்ளே இருந்து பூட்டை நெம்பினான். டக். டிக்கி திறந்தது. சேவல் கட்டை அவிழ்த்துக்கொண்டு பறந்து போய் தாசில்தார் தோளில் உட்கார்ந்தது. கிளாட்சன் சிரித்தான். நான் சிரித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்கிறோம் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம்.

"லிவர் பக்கம் என்னாச்சுன்னு வீட்ல வச்சுப் பாப்பமே" என்றார் சார். வந்தான். பார்த்தான். முனையில் இருக்கிற குண்டு அறுந்துவிட்டதாம், கேபிளையே மாற்ற வேண்டுமாம். கையில் கிரீஸ். நான் சோப்பைக் கொடுத்தேன். கை கழுவினவன் முன்னால் தட்டை வைத்தேன். உட்கார்ந்து சாப்பிட்டான். ஒரு வருஷத்துக்கு மேல் நான் கேட்டுக் கிடைக்காதது, ஒரு கேபிள் அறுந்ததும் கிடைத்துவிட்டது. யாருடைய கிரியை என்று நீயே சொல்.

வல்லநாடு தாண்டிவிட்டோமா? ஆமா, ஆற்றுக்காற்று வருகிறது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கு.

அடுத்த சனிக்கிழமை புதுக் கேபிளோடு வந்தான். தனியாகத்தான். நான் ஆட்டுக்கறி எடுத்திருந்தேன். அவன் வேலை பார்த்ததை நான் பக்கத்திலேயே டார்ச் அடித்துக்கொண்டு பார்த்தேன். கதவுப்படித் தகட்டைக் கழற்றினான். பழைய கேபிளின் வாலில் புதுக் கேபிளைக் கட்டினான். முன்பக்கமிருந்து பழசை இழுக்க இழுக்க, அது ஓடின வழியிலேயே புதுசு நெளிந்து நெளிந்து வந்து சேர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாலே, புதுசா வாரதை பழசோட கட்டி இழுத்தாத்தான் சரியான வழியில வரும். குடும்பத்துலயும் அப்படித்தான்" என்றேன். "எம்மா, டார்ச்ச நேரா பிடி" என்றான்.

சாயங்காலம் வரை இருந்தான். காப்பி குடித்தான். போகும்போது, "இனி ஒண்ணும் ஆவாது, நல்ல கேபிள்" என்றான்.  அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. எதற்கு வருவான்? கேபிள் நன்றாக இருக்கிறதே.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் காரைத் துடைத்தேன். நான் துடைக்காவிட்டால் யார் துடைப்பார்கள்? லிவருக்கு மேல் ஒரு மூடி. அதற்குள் தூசி. ஒரே ஒரு ஸ்க்ரூதான், கிளாட்சன் கழற்றியதைப் பார்த்திருந்தேன். மூடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்கும்போது கேபிளின் குண்டு கொக்கியிலிருந்து நழுவிவிட்டது. திரும்ப மாட்டத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். ஆனால் ஆம்பிளைகள் வேலையில் பொம்பிளைகள் கை வைக்கக்கூடாது. எங்கள் அம்மா எனக்கு அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறாள். சனிக்கிழமை கிளாட்சன் வந்தான். மீன் வறுத்தேன்.

அப்புறம் இன்னொரு தடவை நழுவியது. போனில் சார் சொன்னதும், "அப்பா, அந்தக் குண்டைக் கொக்கியில மாட்டினா போதும். நீங்களே மாட்டிருங்க, எனக்குக் கப்பல் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டான். சாரும் மாட்டிவிட்டார். கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு?

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. வெறுமனே நழுவுகிற கேபிள் நம்பிக்கைக்கு உரியதில்லை.

மறுவாரம் கேபிள் அறுந்தே போனது. எப்படி அறுந்தது என்று எனக்குத் தெரியாது. கொல்லைக் கதவுக் கொண்டியில் கட்டியிருந்த கம்பியை முறுக்குவதற்காகக் குறட்டைக் கையில் வைத்திருந்தேன், அது உண்மை. காரில் ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, போய்ப் பார்த்தேன், அதுவும் உண்மை. குறடு கையில் இருந்தது. பழைய வண்டியில் எலி வரும். எலி கடித்திருக்கும். "எலி எல்லாத்தையும் விட்டுட்டு இதைத்தான் கடிக்குமோ?" என்றார் சார். "எலிக்கு ஏன் கடிச்சேன்னு சொல்லத் தெரியுமா?" என்றேன். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருக்கா, மாதத்துக்கு ஒருக்கா, அறுந்தது. கிளாட்சன் வந்தான். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பிடித்த மாதிரி முழுச் சனிக்கிழமை. ஒரு தடவை என் மடியில் தலை வைத்துத் தூங்கினான், நம்புவாயா, கல்யாணம் ஆன பிள்ளை.

என்ன சிரிக்கிறாய்? சார் கூட இப்படித்தான். "கேபிள் இரும்புல செஞ்சது ரெஞ்சிதம். உன் உபவாசமா, மாசத்துக்கு ஒருக்கா வாரதுக்கு?" என்று கேட்டார்.  மௌனமாக இருக்கிற வரத்தைக் கர்த்தர் எனக்குத் தந்திருக்கிறார்.

எங்கள் தெருமுனையில் இசக்கிமுத்து என்று ஒரு மெக்கானிக். ஒரு நாள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றுவிட்டான். "எக்கா, மாசா மாசம் தம்பி தூத்துக்குடியில இருந்து வந்து இந்த டிக்கியில கிடக்கு. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. நான் அரை மணி நேரத்துல போட்டுத் தாரேன், காசு கூட வேண்டாம்" என்றான். பிழைப்புக்கு வழியில்லாதவன் காசு வேண்டாம் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். டீ போட்டுக் கொடுத்து, ஜெபம் பண்ணி அனுப்பினேன். போகும்போது திரும்பித் திரும்பிக் காரைப் பார்த்துக்கொண்டே போனான், பாவம்.

போன மாதம் கேபிள் மறுபடியும் அறுந்தது. நான் வெள்ளிக்கிழமையே கறி சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலையில் வாசலில் ஸ்கூட்டி சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு பெண். சுடிதார், தலையில் ஹெல்மெட், தோளில் ஒரு பை. ஹெல்மெட்டைக் கழற்றினதும்தான் தெரிந்தது, கல்யாண போட்டோவில் பார்த்த முகம். பெர்னதெத்.

"அத்தை, அவங்களுக்கு இன்னைக்கு லீவு கிடைக்கல. வண்டி எங்க நிக்கி?" என்றாள்.

 உள்ளே வா என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் காரைப் பார்த்துவிட்டாள். நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்து, சீட்டைக் கழற்றி வாசலில் வைத்தாள். வீட்டுக்கு முதல் முதலாக வருகிற மருமகளை எப்படி உள்ளே கூட்டிப் போவார்கள்? ஐயரைக் கூப்பிட்டு, வாசலில் ஜெபித்து, வலது காலை எடுத்து வைக்கச் சொல்லிக் கூட்டிப் போவார்கள். எங்கள் வீட்டு மருமகள் முதல் முதலாக வலது காலை எடுத்து வைத்தது டிக்கிக்குள்.

உள்ளேயிருந்தே சொன்னாள், அவள் அப்பா விசைப்படகு வைத்திருந்தாராம், படகு இஞ்சினிலும் இந்த மாதிரிதான் கேபிளாம், அவருக்கு டார்ச் பிடித்துப் பழக்கமாம். கொஞ்ச நேரம் கழித்து அறுந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முனையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அத்தை, இது அந்து போனது இல்ல. அந்து போனா நார் நாரா பிரிஞ்சிருக்கும். இது ஒரே வெட்டு."

"அப்படியாம்மா? இங்க எலித் தொல்லை ஜாஸ்தி."

"எலிக்குக் குறடு யாரு வாங்கிக் கொடுத்தா?"

நான் வானத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். நான் மருமகளாக இருந்து கத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியும். அவள் கத்தவில்லை. சார் உள்ளேயிருந்து, "என்னம்மா, என்னாச்சு?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல மாமா, பழசாயிட்டு" என்று சொல்லிவிட்டு, அந்தத் துண்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. அது எங்கள் வீட்டுக் கேபிள், அவள் எதற்குத் தன் பையில் போட வேண்டும்? ஆனாலும் விட்டுவிட்டேன்.

பையிலிருந்து வேறே ஒரு கேபிளை எடுத்தாள். தடிமனாக, வெள்ளி மாதிரி பளபளவென்று. படகுக்குப் போடுகிறதாம். உப்புத் தண்ணீரிலேயே கிடந்தாலும் துருப்பிடிக்காதாம். மாட்டி முடித்துவிட்டு லிவரைத் தூக்கினாள். டக். மறுபடியும் தூக்கினாள். டக். "இனி இது அறாது அத்தை. வண்டியை உடைச்சுக் கொடுத்தாக்கூட இதை மட்டும் தனியா வெளியில எடுக்கலாம்" என்றாள்.

சாப்பிடச் சொன்னேன். கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? "எங்க ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிடுற அன்னைக்கு வந்து சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். ஸ்கூட்டியைக் கிளப்பினவள், ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "அத்தை, உங்க பிள்ளையப் பாக்கணும்னா பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வாங்க. எங்க வீட்டுக் கதவுக்கு லிவர் கிடையாது. தட்டினாத் திறக்கும்."

பேச்சைப் பார்த்தாயா? மாமியாரிடம் பேசுகிற பேச்சா இது? அன்றைக்குக் கறி முழுவதையும் சார்தான் சாப்பிட்டார். சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் கேபிள் அறுபடவே இல்லை. நான் சும்மா ஒரு தடவை, எவ்வளவு பலமாக இருக்கிறது என்று குறட்டால் தொட்டுப் பார்த்தேன். குறட்டின் பல்தான் போனது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் விசேஷ விண்ணப்பமாகச் சொன்னேன், எங்கள் வாகனத்துக்காக ஜெபியுங்கள் என்று. விவரம் சொல்ல முடியுமா? அவர்கள் பாட்டுக்கு, ரெஞ்சிதத்தக்காள் வீட்டுக் காரில் ஒரு கம்பியும் அறாமல் காக்க வேண்டும் என்று முழங்கால் போட்டு உருகி உருகி ஜெபித்துவிட்டார்கள். அவர்கள் ஜெபம் கேட்கப்பட்டது. என்னுடையது இன்னும் வரிசையில் நிற்கிறது.

நாலு சனிக்கிழமை போய்விட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறேன். பால்காரன். கேஸ்காரன். நேற்று சார் சோற்றைப் பிசைந்துகொண்டே, "டிக்கி நல்லாத் திறக்குது, வீடுதான் திறக்க மாட்டேங்குது" என்றார். கணக்கு வாத்தியார் இப்படியெல்லாம் பேசினால் கேட்க நன்றாகவா இருக்கிறது?

இது எந்த ஊர்? வாகைக்குளமா? அப்போ இன்னும் கொஞ்ச தூரம்தான்.

நான் அவள் சொன்னதற்காக வரவில்லை, அதை நீ நன்றாகத் தெரிந்துகொள். உப்பு வாங்க வந்தேன். தூத்துக்குடி உப்பு தூத்துக்குடியில் வாங்கினால்தானே நயம். பாளையங்கோட்டையில் கிடைக்காதா என்று நீ கேட்காதே, கிளாட்சன் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன். உப்பு வாங்கினேன், வந்த வழியில் இரண்டு நிமிஷம் எட்டிப் பார்த்தேன், அடுத்த பஸ்ஸுக்குப் போகிறேன், அவ்வளவுதான். உட்கார மாட்டேன். அவர்கள் வீட்டில் தண்ணீர் கூடக் குடிப்பதாக இல்லை. இந்தா, பையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், பருப்புத் துவையலும் இருக்கிறது. என் சாப்பாட்டை நான் கையோடு கொண்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்வேன். ஒருத்தி பேசின பேச்சுக்கு, மறுமாசமே அவள் கையால் சாப்பிட்டால் என்ன மரியாதை?

அந்த வீட்டுக்கு வழி கூட எனக்குத் தெரியாது. சாரிடம் கேட்டேன். "நீ உப்பு வாங்கத்தானே போறே, வீட்டு வழி எதுக்கு?" என்றார். அப்புறம் அவராகவே ஒரு சீட்டில் எழுதித் தந்தார். இதோ. நீ படித்துச் சொல்லேன், கண்ணாடி எடுத்து வரவில்லை. புது பஸ் ஸ்டாண்டில் இறங்கு. சரி. அப்புறம்? அவ்வளவுதானா? புது பஸ் ஸ்டாண்டில் இறங்கு, அங்கேயே நில்லு. இது என்ன வழி?

தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையும் தாண்டியாச்சு. என் கையைக் கொஞ்சம் தொட்டுப் பார், குளிர்ந்து கிடக்கிறதா? பஸ்ஸில் வந்தால் எனக்கு இப்படித்தான்.

கேபிளைப் பற்றி அவள் இதுவரை கிளாட்சனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் குரல் மாறியிருக்கும். மாறவில்லை. நான்தான் போனை வாங்கிப் பேசினேன், போன ஞாயிற்றுக்கிழமை. அழவில்லை. "டிக்கி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான். "உன் பெண்டாட்டி நல்லாப் போட்டிருக்கா" என்றேன். மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொன்னான். லைன் சரியில்லையோ என்று நினைத்தேன்.

அவள் ஏன் சொல்லவில்லை? நானாக இருந்தால் அன்றைக்கு ராத்திரியே சொல்லியிருப்பேன். சொல்லி, அந்த வெட்டுப்பட்ட துண்டையும் எடுத்துக் காட்டியிருப்பேன்.

பஸ் ஸ்டாண்டா இது? இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதா?

அந்தா பார், அந்தத் தூணுக்குப் பக்கத்தில், மஞ்சள் சுடிதார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறாளே, அவள்தான். சார் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாமல் போன் பண்ணுவதே அவருக்கு வேலை. அவன் வரவில்லை, பார். அவள் மட்டும்தான் வந்திருக்கிறாள்.

அவன் வந்திருந்தால் உப்பு என்று சொல்லியிருப்பேன். நம்பியிருப்பான், ஆம்பிளைப் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் நம்பும். இவளிடம் உப்பு என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

பார்த்துவிட்டாள். கையைக் காட்டுகிறாள். சிரிக்கிறாளா? இல்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறாள். இல்லை, சிரிக்கத்தான் செய்கிறாள்.

இந்தாம்மா, இந்தப் பொட்டலத்தை நீ வைத்துக்கொள். வேண்டாம் என்று சொல்லாதே. காலையில் கட்டினது, மத்தியானம் வரைக்கும் நன்றாக இருக்கும். வேலைக்குப் போகிற பிள்ளை, சாப்பிட்டுவிடு. இதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அவள் முன்னால் போய் இறங்க முடியாது.